செல்வராணி ஆற்றில் குதித்த படம்

ஜோகூர் ராஜ்ஜியம் முழுவதிலும் சினிமாப் படத்தை உள்ளது உள்ளபடி பார்க்கத் தெரிந்த மனிதர் ஒருவரே உண்டு. அவர் பெக்கோக் ஊருக்கு உட்புறமிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கதிரேசு. 1931ஆம் வருஷத்தில் இந்தச் செய்தியை உலகுக்கு அறிவித்தவரும் கதிரேசுதான். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர் சொல்கிறார்; மறுப்பதற்குத் தோட்டத்தில் வேறு யாருக்கும் ஆங்கிலம் தெரியாது; ஆகவே செய்தி நிலைத்துவிட்டது.

"படத்தில இல்லாததைச் சேர்த்துச் சொல்லுறவன் கள்ளன்," என்பார். "நான் செத்தாலும் ஒரு சொல் கூட்டிச் சொல்லமாட்டன்."

கள்ளன் என்று அவர் சொன்னது வீரமுத்துவை. ஊமைப்படப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகப் போகிற ஆள். ஒரு கையால் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையில் தகரக் குழாயைப் பிடித்துக் கதை சொல்வான். திரையில் வரும் ஆங்கில எழுத்து அவனுக்குப் படிக்க வராது. அதனால் கதைக்கு ஒரு குறையும் வந்ததில்லை. கதாநாயகிக்கு அந்தந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் பெயரை வைத்துவிடுவான். ஆயர் ஈத்தாம் பக்கம் அவள் வெள்ளையம்மா. இங்கே, பேச்சியம்மாளின் மகள், முன்வரிசையில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவள் பெயரால், செல்வராணி.

படம் நல்ல படம். பதினேழு வயதுகூட நிரம்பாத ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓடும் ரயிலின் கூரைமேல் ஓடினாள். அங்கிருந்து கையில் கத்தியோடு குதிரை முதுகில் குதித்தாள். மீசைக்காரன் ஒருவன் வாயைப் பொத்தியபோது அவன் கையைக் கடித்துவிட்டு ஓடினாள். பெண்கள் பக்கத்திலிருந்து விசில் பறந்தது.

"கத்தி பிடிக்கிற லட்சணத்தப் பாரு. இவளால ஒரு மரம் வெட்ட முடியாது," என்றாள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிற அங்கம்மா.

"கடிக்கத் தெரியுதுல்ல. அது போதும்," என்று நிஜச் செல்வராணி சொன்னாள்.

முதல் பாகம் முடிந்து வீரமுத்து வண்டியைக் கட்டினான். அடுத்த வாரம் கங்காணி, மரங்களுக்கு நடுவே செல்வராணியின் வாயைப் பொத்தினான். அவள் கடித்தாள். ஓடினாள். அடைமழையில் ஆறு கரை தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. குதித்தாள்.

ஆற்றின் கீழ்ப்போக்கில் ஒரு மலாய்க் கிராமத்தில் ஓர் உடல் ஒதுங்கியதாகத் தகவல் வந்தது. தோட்டத்தின் சார்பில் கதிரேசு போனார். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. முன்கையில், செல்வராணிக்கு இருந்ததுபோலவே, தேள் பச்சை குத்தியிருந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினார். கங்காணிக்கு ஊசி போட்டார்கள். செல்வராணிக்கு மண் போட்டார்கள். பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு எல்லோரும் வழக்கம்போல விடியற்காலையில் வரிசையாக நின்றார்கள். கட்டுப் போட்ட கையோடு ஆள் எண்ணியவன் அதே கங்காணி.

பேச்சியம்மாள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "தேளு பாதிப் பொம்பளைங்க கையில இருக்கு. எம்பொண்ணு நீச்சக்காரி," என்றாள்.

ரப்பர் விலை விழுந்தது. விழுந்த விலை எழவில்லை. தோட்டத்தை மூடுவதாகவும், எல்லோரையும் ரயிலேற்றி ஊருக்குக் கப்பலில் அனுப்பிவிடுவதாகவும் துரை சொல்லிவிட்டார். அதற்குமேல் கூலிகள் குடியிருந்த லயங்களுக்குப் பூட்டு, அரிசி கிடையாது. எல்லோரும் மூட்டை கட்டினார்கள், பேச்சியம்மாளைத் தவிர.

ரயிலுக்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. வீரமுத்து இரண்டாம் பாகத்தோடு வந்து சேர்ந்தான். ரப்பர் தகடு உலர்த்தும் புகைக்கூடத்தில் உலர்த்துவதற்கு ரப்பர் இல்லை. பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. சினிமாவுக்கு அதைவிடத் தோதான இடம் எது? பழைய புகை நெடியில் இருமிக்கொண்டே ஜனங்கள் உட்கார்ந்தார்கள்.

வீரமுத்து கதிரேசுவை வாசலுக்கு அழைத்தான்.

"கிராணி ஐயா, இன்னிக்கு நீங்க படிங்க. எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு," என்று கணீரென்ற குரலில் சொன்னான்.

"உமக்குத் தொண்டை நல்லாத்தானே இருக்குது."

வீரமுத்து தரையைப் பார்த்தான். "பொண்ணு ஆத்துல விழுவுதுங்கய்யா. அப்புறம் எந்திரிச்சுடுது. கல்யாணமும் பண்ணிக்கிது. அந்தம்மா முன்னால உக்காந்திருக்கு. பேரு வச்சது நானு. என்னால சொல்ல முடியாது லா."

"அதுதான் அப்பவே சொன்னன், இல்லாத பேரை வைக்காதையும் எண்டு. குழாயைத் தாரும். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன பயம்?"

குழாயோடு உள்ளே போனவரைப் பேச்சியம்மாள் மறித்தாள்.

"ஐயா, அவன் புளுகுவான். நீங்க புளுகமாட்டீங்க. எம்பொண்ணு ஆத்துலேருந்து எந்திரிக்குதான்னு படிச்சுச் சொல்லுங்க. எந்திரிச்சுதுன்னா நான் ரயிலேறமாட்டேன். அந்தக் கரையிலயே உக்காந்துக்குவேன்."

"அங்க இருந்து என்னத்தைச் சாப்பிடுவியள்?"

"எம்பொண்ணு வந்தா குடுக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்திரிக்கலன்னா ஏறிடுறேன். அப்புறம் எனக்கு இங்க யாரு இருக்கா," என்றாள்.

சாமியிடம் பூக்கட்டிக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

படம் ஓடியது. கதிரேசு வழுவாமல் படித்தார். "'நில், அல்லது சுடுவேன்' எண்டு போட்டிருக்குது." "'ஒருபோதும் மாட்டேன்' எண்டு போட்டிருக்குது." பெண் மாடி ஜன்னலிலிருந்து பாய்ந்து வண்டிக் கூரையில் விழுந்தபோது படிக்க வேண்டிய எழுத்து வந்து போயே போய்விட்டது, கிராணி ஐயா வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். அவள் கயிற்றுப் பாலத்தில் ஓடினாள். மீசைக்காரன் கத்தியால் கயிற்றை அறுத்தான். குழாய் கைநழுவுவதை உணர்ந்து கதிரேசு இறுகப் பிடித்துக்கொண்டார். பாலம் அறுந்தது. பெண் தண்ணீரில் விழுந்தாள். வெறும் ஆறு ஓடியது.

"எந்திரி, தாயி," என்று அங்கம்மா இருட்டுக்குள் சொன்னாள்.

வாலிபன் ஒருவன் பாய்ந்து, பெண்ணைக் கரைக்கு இழுத்துப் போட்டான். அவள் கண்ணைத் திறந்தாள். சிரித்தாள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் வந்தது: பிழைத்தாள். எழுத்துக் கூட்டத் தெரிந்த எந்தப் பிள்ளையும் படித்துவிடும்.

ஜனங்கள் கை தட்டவில்லை. கிராணி ஐயா சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். பேச்சியம்மாள் திரையைப் பார்க்கவேயில்லை. திரும்பி அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு மறுநாள் பூட்டிய லயத்துக்குப் பின்னால், மழையில், ஆற்றங்கரையில் உட்கார்ந்து அவள் பசித்திருப்பது கதிரேசுவுக்குத் தெரிந்தது. முன்கைத் தேளும் தெரிந்தது.

"இது," என்றார். திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "இது அந்தப் பெடியன்ர நினைப்பு. அவள் முழிச்ச மாதிரி அவனுக்குத் தோணுது. அப்படித்தான் போட்டிருக்குது."

வீரமுத்துவின் கையில் இயந்திரம் ஒரு கணம் தயங்கிவிட்டு மறுபடி சுற்றியது.

திரையில் மாதாகோயில் வந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பெண்ணுக்கு உச்சி முதல் பாதம் வரை வெள்ளைத் துணி, முகத்தின்மேலும் வெள்ளைத் துணி, கையில் பூ. இருபுறமும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இதற்குக் கதிரேசு அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

"அடக்கம்," என்றார்.

அங்கம்மா ஒப்பாரியைத் தொடங்கினாள். கூடம் முழுவதும் சேர்ந்துகொண்டது. திரையில் மாப்பிள்ளை மணிக்கூண்டைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஜோகூர் ராஜ்ஜியத்திலேயே தலைசிறந்த படம் அது என்று கதிரேசுவுக்கு அப்போது தோன்றியது. அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதும் தோன்றியது.

பேச்சியம்மாள் அழவில்லை. "யாருங்கய்யா மண்ணு போட்டது?" என்று கேட்டாள்.

"ஒரு கிராணி போட்டார்."

"நல்லாப் போட்டாரா?"

"நல்லாத்தான் போட்டார், அம்மா."

அவள் எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, மூட்டை கட்டுவதற்காக வெளியே போனாள். அவள் கதவைத் திறந்தபோது உள்ளே வந்த வெளிச்சத்தில் திரை வெளுத்து, மணமக்கள் காணாமல் போனார்கள். கதவு மூடியதும் திரும்ப வந்து முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். ஜனங்கள் விளக்கத்துக்காகத் திரும்பிப் பார்த்தார்கள்.

கதிரேசு குழாயை வாயருகே கொண்டுபோனார்.

"சொந்தக்காரர் துக்கம் விசாரிக்கினம்," என்றார்.