அன்னம்மாள் போட்ட பூட்டு

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் சோம்பேறித்தனமே காரணம். பெரிய காஞ்சிபுரத்தில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். மூன்று வருடத்துக்கு முன், ஓரிக்கையில் கட்டிய புது வீட்டை வாடகைக்கு விட ஒப்பந்தம் எழுத அன்னம்மாள் வந்தார்.

"ரிஜிஸ்டர் பண்ணணுமா சார்?"

சாப்பாட்டு நேரம். "பதினோரு மாசந்தானேம்மா, தேவையில்ல" என்றேன்.

(அப்போதே சட்டம் மாறியிருந்தது. எனக்குத் தெரியும்.)

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "பாலாற்றுக் காற்று அந்த வீட்டின் சன்னல்களை..."

அடித்துவிட்டேன். அந்த வீட்டுக்குக் காற்றோடு வழக்கில்லை, வங்கியோடுதான்.

அன்னம்மாள் செருப்புக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் உழைத்தவர். அவர் குடும்பத்தில் முதல் பட்டா அவர் பெயரில்தான். பி.எஃப். பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கிக் கட்டினார். வாடகையில் தவணை கட்டலாம் என்று, தாம் மட்டும் தம்பியின் தகரக் கொட்டகையில் தங்கிக்கொண்டார். எட்டு மாதமாக வாடகை வரவில்லை. அறுபது நாளில் கடனைக் கட்டாவிட்டால் வீடு போய்விடும் என்று நோட்டீஸ் வந்தது. குடியிருந்தவரைக் காலி செய்ய வழி கேட்டுப் போனபோது, வக்கீல் என் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "பதிவே பண்ணலையே. கேஸ் போடலாம், ஆனா இழுக்கும்."

3

குடியிருந்த ஜெயக்குமாரை அயோக்கியனாக எழுதத்தான் ஆசை. "அவன் ஏளனமாகச் சிரித்து..." [சிரிக்கவில்லை.] பட்டுக்கடையில் விற்பனையாளனாக இருந்தவன். மனைவி காவேரிக்குச் சிறுநீரகக் கோளாறு, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். லீவு போட்டுப் போட்டே வேலை போயிற்று. இதற்குமேல் அவனை எப்படிக் கெட்டவனாக்குவது?

4

போன திங்கட்கிழமை, பேசிப் பார்க்கலாம் என்று அன்னம்மாள் என்னை அழைத்துப்போனார். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். வாசலில் அவர்கள் பூட்டு. அதன்மேல் அன்னம்மாள் புதிதாக ஒன்றைப் போட்டார்.

"வேணாம்மா, தப்பாயிடும்" என்றேன்.

(பொய். நான் வாய் திறக்கவில்லை. அவர் பூட்டும்வரை அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.)

இரண்டு மணிக்கு ஆட்டோ வந்தது. கையில் கட்டோடு இறங்கிய காவேரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா இது?" என்றான் ஜெயக்குமார்.

"என் வூடு. பூட்டிக்கினேன்."

"போலீசுக்குப் போவேன்."

"போ. அப்பிடியே பேங்க்குக்கும் போயி சொல்லு, அன்னம்மா வூட்ட உட்டுடுங்கன்னு."

அவன் பூட்டைப் பிடித்து இழுத்தான். அன்னம்மாள் கதவை மறித்து நின்றார். காவேரி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, மாத்திர உள்ள இருக்குது. அத மட்டும் எடுத்துக்கறேன்."

அன்னம்மாள் அவளையே பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்தார். தாமும் உள்ளே போய்க் கூடத்தின் நடுவில் உட்கார்ந்தார். "இனிமே நானும் இங்கதான். வெளிய தள்ளுறதுன்னா தள்ளு."

அன்றுமுதல் மூவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) "அன்னம்மாள் பூட்டினார்."

(ஆ) "நான் போனபோது கதவில் வேறு பூட்டு இல்லை."

கதைக்காக என்றால் எதையாவது தேர்ந்தெடுத்திருப்பேன். ஆனால் ஜெயக்குமார் புகார் கொடுத்துவிட்டான். காவல் நிலையத்தில் நான்தான் ஒரே சாட்சி. (அ) எழுதினால் அன்னம்மாள் மேல் வழக்கு. நோட்டீசில் மிச்சமிருக்கும் பதினெட்டு நாளும் அதிலேயே போகும். (ஆ) எழுதினால் ஜெயக்குமார் பொய்யன், காவேரி தெருவில்.

பொய் சொல்லுங்கள் என்று அன்னம்மாள் கேட்கவில்லை. இன்று காலை நிலைய வாசலில் என்னிடம், "காவேரிக்கு ராத்திரி மூச்சு வாங்கிச்சு சார். நான்தான் முதுவு தடவிக்கினு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே எழுத்தர் தாளும் பேனாவும் தந்திருக்கிறார். பெயர், முகவரி, தொழில் எல்லாம் எழுதிவிட்டேன். இதுவரை படித்த உங்களுக்கும் என்னளவு தெரியும். அடுத்த வரியை நீங்கள் சொல்லுங்கள்.

"அன்று நான் கண்ணால் கண்டது: