எட்டு மணி வரை

திரையில் கோடு எழவில்லை. நாசெரியான் இருமுறை பார்த்தாள். மூன்றாம் முறை பார்ப்பது அவள் வழக்கமன்று.

மாடுகளின் மூக்கில் புண் உண்டாக்கிக் கன்றுகளைக் கருவிலேயே கொல்லும் ஹெர்பீஸ் வைரஸ், உடலின் உயிரணுவைப் பற்றுவது தன் மேலுறையிலுள்ள ஒரு புரதத்தால். உயிரணுவின் மேல் அதற்கு இடங்கொடுப்பது ஏற்பி. அந்தப் புரதத்துக்கு ஒரு வால் உண்டு. அது மடிந்து, பற்றவேண்டிய இடத்தைத் தானே மூடிக்கொண்டிருக்கிறது என்பது நாசெரியானின் துணிபு. வாலை நொதியால் வெட்டிவிட்டால் புரதம் ஏற்பியை இறுகப் பற்றும். பற்றினால் கோடு எழும். அளக்கும் கருவியோ இரவல். மாலையில் அது டொடோமாவுக்குத் திரும்பும். அதற்குள் சான்று கிடைக்காவிட்டால் எங்கள் மொரொகொரோ ஆய்வகத்தில் இந்த வேலையே கைவிடப்படும்.

"விடுங்கக்கா," என்றான் நைரோபியிலிருந்து வந்து உடன் பணியாற்றும் ஓவூர். "அது பிடிக்காது. பிடிக்காததைப் பிடிக்கச் சொன்னா எப்படி?"

"பிடிக்கும். வால் வெட்டுப்படலை."

"நீங்க குழாய் மூடியில எழுதினபடிதானே செஞ்சேன்."

கருவியை ஏற்றிச் செல்ல வந்த ஓட்டுநர் ஷொமாரி கதவருகே எட்டிப்பார்த்தார்.

"டாக்டரம்மா, சோறு எட்டு மணிக்குத்தானே?"

ஓவூர் சுவர்க்கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தான். "எட்டு மணி எப்பவோ போச்சு, பெரியவரே. இனி நாளைக்குத்தான் சோறு."

"நைரோபிக்காரனுக்கு நடுராத்திரியிலயே நாள் பொறந்துடும். எங்களுக்குச் சூரியன் வரணும்."

நாசெரியான் திரும்பினாள்.

"தம்பி, நொதியை எப்போ நிறுத்தினே?"

"எட்டுக்கு. மூடியில அப்படித்தானே இருந்துச்சு."

"காலையிலயா?"

"பின்னே?"

சூரியன் எழுந்த பிறகே எங்கள் மணிகள் தொடங்கும். எங்கள் எட்டு மணி கடிகாரத்தில் பிற்பகல் இரண்டு, பகல் உணவு வேளை. ஓவூரின் ஊரிலும் பேச்சில் அப்படியே. எழுத்தில் மட்டும் கடிகாரம் காட்டுவதையே எழுதுவார்கள். நாங்கள் பேசுவதையே எழுதுகிறோம். ஆகவே, நண்பகல் கடந்தும் வெட்டவேண்டிய நொதியை அவன் தொடங்கிய சற்றுநேரத்திலேயே பனிக்கட்டியில் வைத்து நிறுத்தியிருந்தான்.

"ஒரே ஊர்ல பேச்சுக்கு ஒரு மணி, எழுத்துக்கு ஒரு மணியா?" என்றார் ஷொமாரி. "ரெண்டு பொண்டாட்டிக்காரன் பொழப்பு."

மீதிப் புரதம் நொதியோடு பனிக்கட்டியிலேயே இருந்தது. நாசெரியான் அதை வெதுவெதுப்பான பெட்டிக்குள் மீண்டும் வைத்தாள்.

"பெரியவரே, வண்டியைக் கடைசி வெளிச்சத்துல எடுக்கலாமா?"

"சோறு போட்டா எடுக்கலாம்."

சோறும் அவரைக் குழம்பும் வந்தன. அவள் உண்ணவில்லை, பெட்டியின் வெப்பத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்தபோது வெட்டிய புரதத்தை ஏற்பி ஒட்டிய தகட்டின்மேல் ஓடவிட்டாள். கோடு எழுந்தது. பிறகு வெறுங்கரைசலை ஓடவிட்டுக் கழுவினாள். கோடு மிக மெல்லச் சரிந்தது. பற்றிய புரதம் எளிதில் விடவில்லை.

"பிடிச்சிருச்சுக்கா," என்றான் ஓவூர். "போதும், கருவியைக் கழட்டலாம்."

"போதாது. ஏற்பி இல்லாத தகட்டையும் ஓட்டணும். வெறும் தகட்டுல ஒட்டிக்கிட்டாலும் கோடு எழும்."

வெளியே ஷொமாரி ஒலிப்பானை அழுத்தினார். நாசெரியான் திரும்பவில்லை. வெற்றுத் தகட்டைப் பொருத்தி, அதே புரதத்தை ஓடவிட்டாள்.

பொறுமையிழந்து உள்ளே வந்த ஷொமாரி திரையைப் பார்த்தார்.

"என்ன டாக்டரம்மா, இது அசையவே இல்லையே?"

"அசையக் கூடாது," என்றாள் அவள். "இப்போ கழட்டுங்க."