சத்தம் கூட்டுகிறவன்

புருஷன் வீட்டிலிருந்து கட்டிய துணியோடு வெளியேறிய தையல்காரி, விட்டுவர மனமில்லாமல் கொண்டுவந்தது கைப்பேசியில் இருந்த பாட்டு ரேடியோ ஆப்பை மட்டும்தான். நம்பரை மாற்றினாள், கடையை மாற்றினாள், ஊரையே மாற்றி அக்கா வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டாள். பாட்டுக் கணக்கை மாற்ற மட்டும் கை வரவில்லை. வருஷக்கணக்கில் பழகிய ரேடியோ. ஓரம் அடிக்கும்போது எந்தப் பாட்டு வேண்டும், பட்டன் தைக்கும்போது எது வேண்டும் என்று கேட்காமலே எடுத்துப் போடும். அந்த மனுஷனுக்கு அதில் கால்வாசி தெரிந்திருந்தால் இவள் ஏன் கிளம்பி வரப்போகிறாள்!

மத்தியானம் சாப்பிடும்போதுதான் பேச்சுவாக்கில் அக்காவிடம் சொன்னாள்.

"போன வாரம் பாட்டு திடீர்னு நின்னுடுச்சுக்கா. குடும்பக் கணக்காம், வீட்டு அட்ரஸ் கொடுத்தாத்தான் பாடுமாம். இந்த வீட்டு அட்ரஸைப் போட்டேன், பாடுது."

அக்காவின் கை தட்டிலேயே நின்றது. "அடிப்பாவி! கணக்கு அவன் பேர்லதானே இருக்கு? நீ போட்டது நேரா அவனுக்குப் போயிருக்குமேடி!"

"அவரு அதையெல்லாம் எங்கக்கா பாக்கப் போறாரு?" சொல்லிக்கொண்டே கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"சாயங்காலம் வந்ததும் அந்தச் சனியனை மூடுறோம். கதவைத் தாழ் போட்டுக்கோ." அக்கா வேலைக்கு ஓடினாள்.

தாழ் போட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். மூலையில் கைப்பேசியோடு இணைத்திருந்த ஸ்பீக்கரில் பாதியில் ஒரு பாட்டு அறுந்து இன்னொன்று தொடங்கியது. அவனுடைய பாட்டு. கதவைச் சாத்துவான், இதைப் போடுவான், சத்தத்தைக் கூட்டுவான். பிறகுதான் கை ஓங்குவான். அக்கம்பக்கத்தில் அவனுக்குப் பெரிய ரசிகன் என்று பெயர். நாசமாய்ப் போன ரசனை!

பதறாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அந்த வீட்டில் எத்தனையோ தடவை ஓடிய பாட்டு, ரேடியோ தானாக எடுத்துப் போட்டிருக்கும்.

சத்தம் கூடியது. கைப்பேசியை எடுத்துக் குறைத்தாள். மறுபடி கூடியது. பாட்டைத் தேர்ந்தெடுக்க ரேடியோவுக்குத் தெரியும். சத்தத்தை இப்படிக் கூட்ட, அதே கணக்கைத் தன் கைப்பேசியில் வைத்திருக்கிற ஓர் ஆள் வேண்டும்.

பாய்ந்து போய் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர் அடங்கியது.

பாட்டு அடங்கவில்லை. விட்ட வரியிலிருந்து, தாழ் போட்ட கதவுக்கு வெளியே பாடிக்கொண்டிருந்தது. அங்கேயும் யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள்.