மதலேனாளின் முழங்கால்

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் பள்ளிக்கூடத்தில் முழங்கால் போட்ட மதலேனாள் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. அப்போது அவளுக்கு ஏழு வயது. அடுத்தடுத்த வருஷங்களிலும் அவளுக்கு ஏழு வயதுதான். சுருளிப்பட்டியைத் தாண்டி வேதக்காரர்கள் குடியிருந்த ஊர் அது. மாதா கோவிலை ஒட்டிய கூரைக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். காலையில் மணலில் எழுத்து, பிறகு வாய்ப்பாடு, மதியத்துக்கு மேல் ஞானோபதேசம். உபதேசியார் சூசைமுத்துதான் வாத்தியார். முன்கோபக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு ‘சர்வேசுரன் நல்லவரா?’ என்று அவர் கேட்க, பிள்ளைகள் எல்லாம் ‘அளவில்லாத நல்லவர்’ என்று ராகம் போட்டுச் சொன்னார்கள். மதலேனாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. போன மாதம்தான் அவளுடைய தம்பிகள் இரண்டு பேரையும் பேதி கொண்டுபோயிருந்தது. உபதேசியார் அதை மறந்துபோனார். தான் வந்து சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று அவளை முழங்கால் போட வைத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி வந்து நின்றது. மலைமேல் அணை வேலையில் கூலிக்காரர்கள் காய்ச்சலில் சாகிறார்கள், சாகிறவர்களுக்குச் செபம் சொல்ல ஆள் வேண்டும் என்றான் வண்டிக்காரன். உபதேசியார் அப்படியே ஏறிப் போனார். மலைக்காய்ச்சல் அவரையும் விடவில்லை. அங்கேயே புதைத்துவிட்டதாகப் பிறகு செய்தி வந்தது.

முதல் நாள் சாயங்காலம் மகளைக் கூப்பிட வந்த இருதயம்மாளிடம், வாத்தியார் வந்து சொல்ல வேண்டும் என்று பிள்ளை பணிவாகச் சொன்னது. தாய் இழுத்தாள். நான்கு ஆம்பிளைகள் சேர்ந்து தூக்கினார்கள். தரையோடு முளைத்த கல் மாதிரி அசையவில்லை. புதிதாக வந்த வாத்தியார் அமிர்தராஜ் எழுந்திரு என்று சொல்லிப் பார்த்தார். தண்டனை போட்டவர் நீங்கள் இல்லையே ஐயா என்றாள். மதுரையிலிருந்து குதிரையில் வந்த வெள்ளைக்காரச் சாமியாரின் கையை முத்தம் செய்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டாளே தவிர எழவில்லை. பசி எடுக்கவில்லை, முழங்கால் காய்க்கவில்லை. அவளைச் சுற்றிப் பாடம் நடந்தது.

எங்கள் சனங்களுக்குச் செபத்துக்கும் முழங்கால், தண்டனைக்கும் முழங்கால். அதனால் வழியோடு போனவர்கள் பிள்ளை செபம் செய்கிறது என்றே நினைத்தார்கள். யாரோ ஒருத்தி மெழுகுதிரி கொளுத்தினாள், அவளுக்குப் பிள்ளை பிறந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? உப்பும் மிளகும் குவிந்தன. சேவல் நேர்ந்துவிட்டார்கள். சாமி கும்பிடுகிற குடியானவர்களும் நெல் மூட்டையோடு வந்தார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று ஊர்ப் பெரியவர்கள் கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டார்கள். இது தண்டனை என்பதை எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொன்னது இருதயம்மாள் ஒருத்திதான். அவள் சொன்னதைத் தாயின் தன்னடக்கம் என்று மெச்சிக்கொண்டார்கள்.

அவள் காலையில் வந்து மகளுக்குத் தலை வாரிவிட்டு வயல் வேலைக்குப் போவாள். மலையிலிருந்து யார் இறங்கி வந்தாலும், உபதேசியார் சாகும்போது ஏதாவது சொன்னாரா என்று கேட்பாள். வருஷங்கள் போயின. மதலேனாளோடு மணலில் எழுதியவர்கள் வளர்ந்து கல்யாணம் கட்டினார்கள். நடுவில் பேதி மறுபடியும் வந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். மதலேனாளின் வலப்பக்கம் இருந்தவளும் போனாள், இடப்பக்கம் இருந்தவளும் போனாள். அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. செத்த பிள்ளைகளின் இடத்தில் வேறு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். இருதயம்மாள் கேட்பதை நிறுத்தவில்லை. பழக்கமாகிப்போயிருந்தது.

தொண்ணூற்றைந்தில் அணை முடிந்து பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்தது. கூலிக்காரர்களும் இறங்கினார்கள். அவர்களில் ஒச்சாண்டி என்பவர் ஊர் விசாரித்துப் பள்ளிக்கூடத்து வாசலுக்கே வந்துவிட்டார். இருதயம்மாள் அங்கே நின்றிருந்தாள்.

“வாத்தியார் தலைமாட்டுல நாந்தான் இருந்தேன் ஆத்தா. உசிரு போகையில, அந்தப் புள்ளைய நான் எந்திரிக்கச் சொன்னேன்னு சொல்லிருன்னாக. மேஸ்திரி என்னைய எறங்க விடல.”

உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுந்தால் மகள் மறுநாளே வளரத் தொடங்குவாள். வீட்டுக்கு வருவாள், கிணற்றுத் தண்ணீர் குடிப்பாள். தம்பிகள் படுத்த இடத்தில் படுப்பாள். இருதயம்மாள் அவரைக் கூட்டிப்போய்க் கஞ்சி ஊற்றினாள்.

“சேதி எங்கிட்ட வந்துருச்சுண்ணே. நீங்க அங்கன போக வேணாம்.”

அவர் அவளைப் பார்த்தார். மலையில் தன் பிள்ளை ஒன்றைப் புதைத்தவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்தார்.

“யாரும்மா வந்தது?” என்று மதலேனாள் கேட்டாள்.

“வடுகபட்டிக்கு வழி கேட்டாக.”

அந்த வருஷம் மழைக்குப் பிறகும் பேதி வந்தது. பள்ளிக்கூடத்தை ஒரு மாதம் பூட்டிவைத்தார்கள். திறந்தபோது முன்வரிசையில் மதலேனாள் மட்டும் இருந்தாள். தாய் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அமிர்தராஜ் அவளை வைத்துப் பாடத்தைத் தொடங்கினார்.