பொருளுக்குப் பாயின்ட் உண்டா?

1

இந்தக் கதை என்னிடம் ஒரு புகாராக வந்து சேர்ந்தது. பாங்காக்கில், எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கிற எங்கள் ஸ்கிராபிள் குழு கூடுகிற ஷாப்பிங் மாலின் உணவுக்கூடத்தில், பப்பாளி சாலட்டைக் கிளறியபடி குழுவில் ஒருத்தியான ஃபாய் சொன்னாள்: "தோங்குக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. ஜெயிக்கிற ஆட்டத்த வேணும்னே விட்டான்."

எப்படித் தொடங்குவது? 'ஃபாய் ஆங்கிலத்தில் கரைகண்டவள்' என்று எழுதினேன். பொய். ஆங்கிலத்தில் ஒரு காபி கேட்கக்கூட அவளுக்கு வராது. ஆனால் வெள்ளைக்காரர்களே கேள்விப்படாத சொற்களை எழுத்து எழுத்தாக விழுங்கி வைத்திருக்கிறாள். எங்களில் பலர் அப்படித்தான். நடுவரின் கணினி பச்சை காட்டினால் சொல் செல்லும், சிவப்பென்றால் செல்லாது. பொருளை அது சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

2

தோங் பள்ளியிலிருந்தே அவளோடு ஆடுகிறவன். வேலை கிடைத்து மறுநாள் சியாங்மாய்க்குக் கிளம்ப இருந்தான். கடைசி ஆட்டத்தில் ஒரு குட்டிச் சொல்லை வைத்துத் தோற்றான். (அந்தச் சொல்லை எழுதமாட்டேன். எழுதினால் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.) அவனிடம் மிஞ்சிய கட்டைகளைப் பார்த்ததும்தான், கையில் பெரிய சொல் இருந்தது அவளுக்குப் புரிந்தது.

"ஏண்டா மாங்கா, அத வச்சிருந்தா ஜெயிச்சிருப்பியே?"

"நான் வச்சதுக்குப் பொருள் தெரியுமா?"

"பொருளுக்குப் பாயின்ட் உண்டா?"

அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

3

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. காதல், பிரிவு என்று எதையோ எதிர்பார்த்து நானே அகராதியைத் திறந்தேன். செம்மறியாட்டுக்கு வரும் ஒரு நோயாம்! ஆட்டு நோயை வைத்து யார் மனசைச் சொல்வார்கள்? ஒருவேளை அவன் வெறுமனே

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

முடிவு அ: ஃபாய் அவனை மறந்துவிடுகிறாள். எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. முடிவு ஆ: கல்யாணம். அது சினிமா.

4

ஃபாய் சொன்னபடியே எழுதுகிறேன். மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு ஓடினாள். தோங் உட்கார்ந்திருந்த பஸ்ஸின் ஜன்னலைத் தட்டினாள்.

"ராத்திரி பூரா தூக்கமில்ல. நீ வச்ச சொல்லுக்கு என்ன பொருள்? சொல்லித் தொலை."

"எனக்கும் தெரியாது."

"அப்புறம் என்ன மயித்துக்குடா கேட்ட?"

"இத்தன வருஷத்துல ஒரு தடவையாச்சும் நீ எங்கிட்ட எதுக்காவது பொருள் கேக்க மாட்டியான்னுதான்."

டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார். ஃபாய் வாயைத் திறந்து

அதற்குமேல் அவள் என்னிடம் சொல்லவில்லை. சாலட் அப்படியே கிடந்தது. போனை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாகவும் பாவமாகவும் இருந்தது.

அவள் வாயில் ஒரு சொல்லை வைக்க ஒரு வாரமாகப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களுக்கும் பச்சை விழுகிறது, ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆட்டக் கடிகாரத்தை உங்கள் பக்கம் தட்டிவிட்டேன், இனி உங்கள் முறை. கதையில் பஸ் இன்னும் கிளம்பவில்லை.