பின்சீட்டில் இருந்தவள்

அடுப்பை அணைத்தோமா என்று இன்னொரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு அவள் வாசலுக்கு வருவதற்குள் புருஷன் பைக்கில் உட்கார்ந்தபடி இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டான்.

"வந்துட்டேங்க! ஏன் இப்படி உயிரை வாங்கறீங்க?"

"நீ வர்றதுக்குள்ள நான் ஒரு தடவை போயிட்டே வந்திருப்பேன்," என்றான் அவன்.

அது வெறும் பேச்சு இல்லை. ஊரில் அவனுக்குப் பெயரே காத்து. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துத் தெருக்காரனே முழிப்பான். காத்து என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும்.

அவர்கள் குடியிருந்தது ஆற்றோரத்தில், பள்ளத்தில் இருந்த கீழ் ஊரில். இருவருக்கும் வேலை மேல் ஊரில். அவன் அங்கே ஹோட்டல்களிலும் கடைகளிலும் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்த்தான். அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். இரண்டு ஊருக்கும் நடுவே மலையைப் பிளந்துகொண்டு ஆறு ஓடியது. ஆற்றுக்கு மேலே, பாறையை வெட்டிப் போட்ட ரோடு. ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை. மறு பக்கம் இடுப்பளவுச் சுவர், அதற்கப்பால் கிடுகிடு பள்ளம். ரோடு நேராகப் போகும் இடமே குறைவு. ஒரு வளைவிலிருந்து வண்டி நிமிர்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும். பாறை துருத்திக்கொண்டிருப்பதால் எதிரே என்ன வருகிறது என்பது முட்டிக்கொள்கிற தூரத்தில்தான் தெரியும்.

காலையில் பஸ்ஸும் இருந்தது. "அதுல நீ ஏறினா இறங்கறப்ப தலை நரைச்சிருக்கும்," என்று கேலி செய்வான் காத்து.

அவனுக்கு வளைவு என்றால் கொண்டாட்டம். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பது தொடைநடுங்கிகள் வேலை என்பான். வண்டியைச் சாய்த்து, நடுக்கோட்டைத் தாண்டி, எதிர்ப் பக்கத்துப் பாறையை உரசுவதுபோல் குறுக்கே வெட்டிக்கொண்டு போவான். அப்படி வெட்டினால் வளைவு பாதி நேராகிவிடுகிறது, வேகத்தைக் குறைக்கவே வேண்டாம் என்பது அவன் கணக்கு. அந்தப் பக்கம் வேறொருவனுடையது என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

கல்யாணமான புதிதில் அவள் சொல்லிப் பார்த்தாள். "கொஞ்சம் மெதுவா போங்களேன். எதிர்ல ஏதாவது வந்துட்டா?"

"வந்தா ஹாரன் அடிப்பான்ல? எனக்கென்ன காது கேக்காதா?"

மறுநாளும் சொன்னாள். அவனுக்குக் கோபம் வந்தது. மேல் ஊர் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு திரும்பியும் பேசவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். மாமியார்தான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஓட்டற ஆம்பளைய நொய் நொய்னு நச்சரிக்காதம்மா. கவனம் சிதறிடும். அப்புறம் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா உன்னையத்தான் சொல்லுவாங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. வாயை மூடிக்கொண்டாள். வளைவு வந்தால் கண்ணையும் மூடிக்கொண்டாள். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு, அவன் சாய்கிற பக்கம் தானும் சாய்ந்தாள். போகப் போக அதில் ஒரு பெருமைகூட வந்துவிட்டது. காத்து சிநேகிதர்களிடம், "என் பொண்டாட்டி மாதிரி பின்னாடி உக்கார ஆளே கெடையாதுடா. ஏறினதே தெரியாது. மூச்சு விடமாட்டா," என்று சொல்லும்போது அவளுக்கு முகம் சிவந்துவிடும். அவன் அவளை வேறெதற்கும் அப்படி நாலு பேர் முன்னால் புகழ்ந்ததில்லை.

அன்றைக்கு முந்தின நாள் முழுக்க மழை. காலையில் வானம் வெளுத்திருந்தாலும் பாறையிலிருந்து வழிந்த தண்ணீர் மணலையும் பொடிக் கல்லையும் ரோட்டோரத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தது. மற்ற வண்டிகள் மெதுவாக உருண்டு போயின. காத்து அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டினான்.

பாறை நன்றாகப் புடைத்துக்கொண்டிருக்கும் ஒரு வளைவில் அவன் வழக்கம்போல் குறுக்கே வெட்டினான். எதனாலோ அன்றைக்கு அவள் கண்ணை மூடவில்லை. எதிரே ஒரு பழைய மொபெட். ஓட்டி வந்தவர் நடுத்தர வயதுக்காரர், தலையில் ஹெல்மெட், முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு சாக்குப் பை. அவர் வந்தது அவருடைய பக்கத்தில். இவர்களைப் பார்த்ததும் அவர் இன்னும் ஒதுங்கினார். தோள் பாறையில் இடிக்கிற அளவுக்கு ஒதுங்கி, வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றினார். அதற்குமேல் ஒதுங்க அவருக்கு இடமில்லை.

சாய்ந்த வண்டியில், மணல்மேல், காத்து பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். முன்சக்கரம் பறித்துக்கொண்டு போனது. வண்டி படுத்தபடியே வழுக்கிக்கொண்டு போய் மொபெட்டையும் அந்த மனிதரையும் பாறையோடு வைத்து அடித்தது.

அவள் ரோட்டின் நடுவில் கிடந்தாள். கை அசையவில்லை. சாக்குப் பை கிழிந்து உளிகளும் சுத்தியலும் ரோடெங்கும் சிதறியிருந்தன. மேல் ஊரில் ராத்தங்கி வேலை முடித்துவிட்டுக் கீழே திரும்பிக்கொண்டிருந்த தச்சர் அவர் என்று பிறகுதான் தெரிந்தது. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியிருந்தது. நெஞ்சைக் காப்பாற்ற அதனால் ஆகவில்லை. ஆம்புலன்ஸ் அந்த வளைவுகளில் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காத்துவுக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு. ஆஸ்பத்திரிக்கு மாமியாரும் கொழுந்தனும் ஓடி வந்தார்கள். அழுது முடித்ததும் கொழுந்தன் அவள் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அண்ணி, போலீஸ் வரும். அந்த ஆளு நம்ம பக்கம் வந்துட்டான்னு சொல்லிடுங்க. வேற சாட்சியே கெடையாது."

"அவர் வரல தம்பி."

"வரலேன்னு உங்களுக்கும் அண்ணனுக்கும்தானே தெரியும்? செத்தவன் வந்து சொல்லப்போறானா?"

மாமியார் அவள் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் உள்ள போயிட்டா உனக்கும்தானேடி வாழ்க்கை போச்சு? போன உயிர் உன் வார்த்தையால திரும்பியா வரப்போகுது?"

இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தார். பொய் சொல்லக்கூடாது என்ற பெரிய வைராக்கியம் எதுவும் அவளிடம் இருக்கவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் பாறையோடு ஒட்டிக்கொண்டு ஒரு காலை ஊன்றி நின்ற அந்த மனிதரின் உருவம் கண்ணில் நின்றது. அவ்வளவு ஒதுங்கியவரைப் பார்த்து 'நீதான் மேலே வந்து விழுந்தாய்' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"எங்க மேலதான் தப்பு. அவரோட சைடுல நாங்க போயிட்டோம். அவர் ஒதுங்கினார்," என்றாள்.

கேஸ் நடந்தது. கோர்ட்டிலும் அதையே சொன்னாள். காத்துவுக்குத் தண்டனை விதித்தார்கள். போலீஸ் வேனில் ஏறும்போது அவன் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமியார் அவள் துணிமணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மேல் ஊரில் அக்கா வீட்டில், அக்கா பிள்ளைகள் படிக்கும் அறையில் ஒரு மூலை கிடைத்தது. தோள் எலும்பு கூடினாலும் கை பழையபடி நிற்கவில்லை. லென்ஸைப் பிடித்தால் நடுங்கியது. கடைக்காரர் அவளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி துடைக்க உட்கார்த்தி வைத்தார்.

எல்லாம் போனபிறகும் ஒன்று மட்டும் மிச்சமிருப்பதாக அவள் நினைத்தாள். உண்மையைச் சொல்லிவிட்டோம். அந்த ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் ஒரு விடுமுறை நாளில் தச்சர் வீட்டைத் தேடிப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் உள்ளுக்குள், 'நீ நல்லவள்' என்று அந்த வீட்டில் யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்ற ஏக்கம் இருந்தது.

வீட்டு முன்னறையில் கதவு பொருத்தாத அலமாரி ஒன்று பாதி வேலையில் நின்றது. அதன் தட்டுகளில் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. கோர்ட்டில் பார்த்திருந்ததால் தச்சரின் மனைவி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். கத்தவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீ உண்மையச் சொன்னதாலதான் அவர்மேல பழி விழாம போச்சு. அதுக்கு உனக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்," என்றாள்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"உன்னை ஒண்ணு கேக்கலாமா?" தச்சரின் மனைவி எதிரே தரையில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு மட்டும்தான் உன் வீட்டுக்காரர் அப்படி ஓட்டினாரா?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லக்கா. தினமும் அப்படித்தான்."

"தினமுமா? உனக்குப் பயமா இருக்காதா?"

"இருக்கும். கண்ணை மூடிக்குவேன்."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"மொதல்ல சொன்னேன். கோவிச்சுக்கிட்டார். அப்புறம் விட்டுட்டேன்."

"அந்த ரோட்டுல பஸ் போகுதில்ல?"

"போகுது."

தச்சரின் மனைவி தம்ளரை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தாள். உள்ளே ஒரு பெண் பிள்ளை பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது.

"உன்னைக் குத்தம் சொல்லணும்னு கேக்கலம்மா. ஓட்டினது நீயில்ல. ஆனா மனசு கெடந்து அடிச்சுக்குது. போலீஸ்கிட்டயும் கோர்ட்லயும் அவ்வளவு தைரியமா சொன்னியே, அதுல பாதி தைரியத்த அதுக்கு முன்னாடி என்னிக்காவது ஒரு நாள் காட்டியிருந்தா? வண்டிய நிறுத்துன்னு சொல்லி இறங்கியிருந்தா? உன் புருஷன் கோவிச்சுக்கிட்டு நாலு நாள் பேசாம இருந்திருப்பார். அவ்வளவுதானே? கண்ணை மூடிக்கிட்டா உனக்குத்தான் பயம் தெரியாது. எதிர்ல வர்றவருக்கு அதனால என்ன ஆச்சு?"

அந்த அம்மாள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். வீட்டில் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளாகவே எழுந்து வெளியே வந்தாள். மிச்சமிருப்பதாக நினைத்திருந்த அந்த ஒன்றும் அந்த வீட்டுத் தரையிலேயே விழுந்துவிட்டது.

அடுத்த மாதம் அவள் சிறைக்குப் போனாள். அதற்கு முன் போனபோதெல்லாம் பார்க்க விருப்பமில்லை என்று காத்து சொல்லி அனுப்பியிருந்தான். இந்தமுறை வந்தான். காலை இழுத்து இழுத்து நடந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "என்ன?" என்றான்.

தச்சரின் மனைவி கேட்டதை அவள் அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"நீ சும்மா இருந்தா உனக்குப் பிடிச்சிருக்குன்னுல்ல நெனச்சேன்," என்றான்.

"செத்துப் பொழைச்சேங்க. ஒவ்வொரு வளைவுலயும்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன். கத்தியிருப்பேன். ஆனா நீ இறங்கிப் போயிருந்தா... வீம்புக்கு ரெண்டு நாள் தனியா ஓட்டியிருப்பேன். அப்புறம் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல. அத நெனச்சு நெனச்சுத்தான் இனிமே தூங்காம கெடக்கணும்." பிறகு, அவள் அழுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆனா ஹேண்டில் என் கையில இருந்துச்சு. அத உன் தலையில தூக்கிப் போட்டுக்காத. எத்தனை வருஷமா அந்த ரோட்டுல போனேன், வளைவுக்கு அந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டே போயிட்டேன். ஒரு ஆள் வந்துக்கிட்டிருக்காருன்னு நெனச்சு ஓட்டியிருந்தா வேகம் தானா கொறைஞ்சிருக்கும்."

காவலர் நேரம் ஆகிவிட்டது என்றார். அவள் எழுந்தாள்.

"இத அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லட்டுமாங்க?"

காத்து தலையை ஆட்டினான். "வேணாம். அவங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரிஞ்சுதானே இருந்துச்சு. தெரிஞ்சவர்தான் ஒதுங்கினார். தெரியாம ஓட்டறாங்க பாரு, அவங்ககிட்ட போய்ச் சொல்லு. கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒருத்தன் உயிரோட வர்றான்னு சொல்லு. பின்னாடி உக்கார்றவங்ககிட்டயும் சொல்லு. பயமா இருந்தா வாயைத் தொறக்கணும், கேக்கலேன்னா எறங்கிடணும்."