கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?

"வயித்து வலிங்கம்மா. விடியக்காலையிலேர்ந்து சுருண்டு சுருண்டு படுக்குறா" என்றார் கோவிந்தராசு. பெஞ்சில் உட்கார வைத்ததும் அவர் மனைவி அஞ்சலாட்சி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். டாக்டர் தேவதாஸ் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "கேஸ்தான். ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க" என்று சரிதாவிடம் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வில்லியனூரைத் தாண்டியிருந்த அந்தச் சின்ன சுகாதார நிலையத்தில் சரிதா பயிற்சி டாக்டர். வயது முப்பத்தொன்று, தேவதாஸைவிட மூன்று வயது மூத்தவள். சென்னையில் நான்கு வருடம் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றின் நோயாளிப் பதிவுகளைக் கையாளும் புரோகிராம்தான் அவள் வேலை. திரையில் ஓடும் அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தவளுக்கு, அந்த நாற்காலியில் இருப்புக்கொள்ளாமல் போயிற்று. வேலையை விட்டுவிட்டு சாரத்தில் இருந்த பெற்றோர் வீட்டில் மறுபடியும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் பிரித்தபோது, அப்பா சக்கரபாணி மூன்று மாதம் அவளிடம் பேசவில்லை. நுழைவுத்தேர்வு வாசலில் வாட்ச்மேன், "தங்கச்சிய கொண்டாந்து விட வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். கல்லூரியில் ஐந்து வருடமும் அவள் எல்லோருக்கும் அக்கா.

ஊசி மருந்தை எடுத்தவள் நின்றாள். புரோகிராம் எதுவும் பழுதானால் அவள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதுவே வாயில் வந்தது.

"கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?"

"ராத்திரி நல்லாத்தாம்மா சாப்ட்டா. புழுக்கமா இருக்குன்னு கீழ பாய் போட்டுப் படுத்தா. நாலு மணிக்கு எழுந்து வலிக்குதுன்னா."

"அம்மா, என்னைப் பாருங்க."

அஞ்சலாட்சி நிமிர்ந்தாள். நெற்றி சுருங்கியது. இமைகள் பாதிக்கு மேல் எழவில்லை.

"தூக்கமில்ல, அதான்" என்றார் கோவிந்தராசு.

சரிதா குனிந்து கால், கை, கழுத்து எல்லாம் தேடினாள். ஒரு கீறல்கூட இல்லை. தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் பாம்பு கடித்தால் வயிறு வலிக்கும், இமை சரியும், கடித்த தடமே தெரியாமல் போகலாம் என்று படித்திருந்தாள். படித்தது வேறு, பத்துப் பேர் நடுவில் சொல்வது வேறு. தப்பாகப் போனால், கம்ப்யூட்டரை விட்டு வந்த அம்மா என்று சிரிப்பார்கள்.

"சார், இது கேஸ் இல்ல. கட்டுவிரியன் கடிச்சிருக்கு."

"தடம் இருக்கா?"

"இல்ல சார். இமையப் பாருங்க."

தேவதாஸ் டார்ச்சோடு வந்து பார்த்தார். ஒரே பார்வையில் முகம் மாறிவிட்டது. "விஷமுறிவு மருந்த ஏத்துங்க. யாருப்பா அங்க, வண்டிய எடு!"

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் அஞ்சலாட்சியின் மார்பு ஏறி இறங்குவது நின்றுபோனது. சரிதா முகமூடியை அழுத்திப் பிடித்து மூச்சுப் பையை அமுக்கத் தொடங்கினாள். அமுக்கினால் மார்பு எழுந்தது, விட்டால் தாழ்ந்தது. இந்திரா காந்தி சிலை அருகே லாரிகள் நகர மறுத்தன. விரல்கள் மரத்துப்போயின. காலுக்கருகே கோவிந்தராசு முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதார். கோரிமேட்டில் இன்னொரு கை வந்து பையை வாங்கும்வரை அவள் விடவில்லை.

ஐந்தாம் நாள் வேலை முடிந்து வார்டுக்குப் போனாள். தொண்டைக் குழாயை எடுத்திருந்தார்கள். அஞ்சலாட்சி தலையணையில் சாய்ந்து, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து இவளையே பார்த்தாள்.

"நீதானாம்மா அது? கொரலு அதேதான்."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கண்ணுதான் தொறக்க முடியல. எல்லாம் கேட்டுது. 'இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்'னு சொல்லிக்கினே வந்தியே."

அப்படிச் சொன்னது சரிதாவுக்கு நினைவே இல்லை. சிரித்தாள்.

அஞ்சலாட்சி மடியிலிருந்த கமலா ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள். விரலில் இன்னும் பலம் வரவில்லை; தோல் பொட்டுப் பொட்டாகத்தான் பிய்ந்தது. கோவிந்தராசு கை நீட்டியதும், "நீ வுடு, நானே உரிக்கிறேன்" என்றாள். சரிதா கட்டிலோரம் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சுளை கழன்று வந்ததும், சாறு மணிக்கட்டில் வழிய, அஞ்சலாட்சி அதை அவளிடம் நீட்டினாள்.